பனியில் நிற்கிற காட்டுமாட்டைத் தேடிப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, அம்மிணிகளே,

மார்கழி பிறந்துவிட்டது. இனித் தை முடியும்வரை சனி, ஞாயிறு விடியற்காலையில் அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில் பால் வண்டிக்கு அடுத்தபடி உங்கள் கார்கள்தான். பின் சீட்டில் கேமராப் பை, கைப்பேசியில் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ், குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்க வேண்டும் என்கிற கணக்கு. கோத்தகிரி போய்ச் சேர்ந்தால் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி. பனிக்குள் கன்னங்கரேல் என்று ஒரு காட்டுமாடு. ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றும்.

உங்களில் பலர் அதைப் பெரிதாக அச்சிட என் கடைக்குத்தான் வருகிறீர்கள். கல்யாணம், சீர், காதுகுத்து என்று படம் எடுத்துக் காலம் தள்ளுகிற ஸ்டுடியோக்காரன் நான். காடு என் தொழில் இல்லை. ஆனால் தலைமுறையாக மாடு கட்டின குடும்பம்; ஓய்வு கிடைத்தால் நானும் கேமராவோடு மலையேறுகிறவன். உங்கள் படங்களைக் கம்ப்யூட்டரில் முழு அளவுக்கு விரித்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பது என் வேலை. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. ஆளாளுக்குத் தனியாகச் சொன்னால் 'அண்ணன் புத்தி சொல்ல ஆரம்பிச்சுட்டார்' என்று நழுவிவிடுவீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வருஷத்துக்கு வருஷம் உங்கள் படங்களில் மாடு பெரிதாகிக்கொண்டே வருகிறது. படத்தோடு ஒட்டிவரும் தகவலைத் திறந்து பார்த்தால் லென்ஸ் அதேதான், அதே 150-600. அப்படியானால் இடையில் நடந்தது நீங்கள்.

ஏன் நடக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூடுபனி நடக்க வைக்கும். அதன் குணம் அப்படி.

வடகிழக்குப் பருவக்காற்று ஓடுகிற மாதங்களில் நம் ஊர் மேட்டில் நின்று வடமேற்கே பார்த்தால் நீலகிரியின் இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியாது. வெள்ளையாக ஒரு மேகம் சாய்ந்து கிடக்கும். கீழிருந்து நாம் மேகம் என்கிறோம், உள்ளே நிற்கிறவருக்கு அது மூடுபனி. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800. கிழக்கே இருந்து வரும் ஈரக்காற்று நம் சமவெளியைக் கடந்து அந்தச் சரிவில் மோதி மேலே ஏறும்போது, ஏற ஏறக் குளிர்ந்துபோகிறது. காற்றில் இருக்கும் ஈரம் துளித்துளியாகத் திரண்டுவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டாப் பக்கத்து உயரங்கள் பெருமளவு தடுத்துக்கொள்வதால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு இந்த ஐப்பசி, கார்த்திகைக் காற்றுதான் பெரிய வரவு. வால்பாறையில் கணக்கு வேறு. அங்கே ஆனி, ஆடியிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். எந்த மலையானாலும் துளிகள் செய்யும் வேலை ஒன்றுதான்: வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பது.

சிதறிய வெளிச்சம் உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடர்ந்த பனியில் பக்கத்தில் நிற்கும் மாடு கருப்பு. கொஞ்சம் தள்ளி நிற்பது சாம்பல். அதற்கும் பின்னால் இருப்பது வெறும் நிழல். நீள லென்ஸ் மாட்டைப் பெரிதாக்கித் தரும், இடையில் இருக்கும் பனியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 600-இல் வைத்து எடுத்த படத்தில் சாம்பல்மேல் சாம்பலாக ஒரு திட்டு விழும், ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், பிடிமானம் கிடைக்காமல் கடைசியில் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பணம் கொட்டி வாங்கிய லென்ஸ், அல்லது கோயம்புத்தூரில் நாள் வாடகைக்கு எடுத்து வந்த லென்ஸ், இப்படிச் சாம்பல் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கதவைத் திறந்து இறங்குகிறீர்கள். பத்தடி முன்னால் போனால் கருப்பு கூடுகிறது. இன்னும் பத்தடி போனால் கொம்பு தெரிகிறது. மற்ற இடங்களில் கிட்டே போனால் உருவம்தான் பெரிதாகும். பனியில் உருவமும் பெரிதாகி, கருப்பும் தெளிவும் சேர்ந்து கூடுவதால் ஒவ்வொரு அடிக்கும் கைமேல் பலன். அதனால்தான் நிற்க முடிவதில்லை.

உங்களிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தப் படங்களில் சில ரொம்ப நன்றாகவே இருக்கின்றன. காட்டுமாட்டுக்கும் பனிக்கும் பொருத்தம் அப்படி. முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த காலுறை போட்டதுபோல இருக்குமல்லவா, பனியில் அந்தக் கால்கள் கரைந்துவிடும். மேலே இருக்கும் கருத்த உடம்பு மட்டும் தேயிலைச் செடிக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். தோளிலிருந்து கிளம்பும் மேடு முதுகில் பாதிதூரம் ஓடி, திடீரென்று வெட்டினாற்போல் இறங்கும் இடம் வெள்ளைப் பின்னணியில் கத்தரித்து வைத்த மாதிரி தெரியும். நெற்றி வெளிர்சாம்பல், கொம்பு நடுவில் எலுமிச்சை நிறம், நுனி கருப்பு. மூக்கிலிருந்து வரும் ஆவி பனியோடு சேர்ந்துபோகும். முதுகில் ஒரு காட்டு மைனா உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். இவ்வளவையும் பார்த்தவன் கேமராவைக் கீழே வை என்று சொல்லமாட்டான்.

ஆனால் மாட்டைப் பார்க்கத் தெரியாமல் மாட்டைப் படம் எடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாம் கொங்கு நாட்டுக்காரர்கள். காங்கேயம் காளையின் திமிலைத் தடவி வளர்ந்தவர்கள். கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்ன தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள். தொண்டுப்பட்டியில் ஒரு காளை தலையைத் தாழ்த்தி, செருமி, காலால் மண்ணைப் பறித்தால் யாரும் சொல்லாமலே வேலிக்கு வெளியே போய்விடுவோம். காங்கேயம் காளை சுமார் 500 கிலோ. மூக்கணாங்கயிறு உண்டு, பெயர் சொன்னால் திரும்பும். காட்டுமாடும் அதே போஸ் என்னும் பேரினம்தான். சினைக்காலம்கூட நம் மாட்டைப்போல் ஒன்பது மாதம். வளர்ந்த ஆண் 700 கிலோவில் தொடங்கி ஒரு டன் வரை போகும்; தோளில் ஆறடி உயரம். கயிறு இல்லை, பெயர் இல்லை. வடகிழக்கு மாநிலங்களில் மிதுன் என்று வளர்க்கிறார்களே, அது இதனோடு மிக நெருங்கிய உறவு. நம் மலையில் இருப்பது யாரும் வளர்க்காத மாடு.

இப்போது நீங்கள் கடைக்குக் கொண்டுவரும் படங்களுக்கு வருகிறேன். எல்லோருக்கும் பிடித்த படம் எது? பெரிய ஆண்மாடு ஒன்று, பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் நின்று, முதுகை வளைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணை மட்டும் உங்கள் பக்கம் வைத்திருக்கும். 'அண்ணா, சூப்பரா போஸ் குடுத்துச்சு' என்பீர்கள். 1960களில் மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், 1967-இல் வந்த தன் புத்தகத்தில் இந்த நிலையை விரிவாகவே எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்மாடுகள் எதிரெதிரே வந்தால் முட்டிக்கொள்வதற்கு முன் இப்படி விலாவைக் காட்டி நிற்கும். என் பருமனைப் பார், ஒதுங்கிப் போ என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலும் சின்னது ஒதுங்கிவிடும், சண்டை வராது. மனிதன் ரொம்பக் கிட்டே போனாலும் சில மாடுகள் இதே நிலைக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படம், உங்களைப் போகச் சொன்ன நொடியில் எடுத்த படம். காளை விலாவைக் காட்டிக்கொண்டு நின்றால் ஷட்டரை அழுத்தலாம், தப்பில்லை. அடுத்த அடி பின்னால் இருக்க வேண்டும். மூக்கால் சீறினாலும் அதே கணக்குத்தான்.

மந்தையின் கதை வேறு. பத்துக்கு முன்னே பின்னே இருக்கும், வயதான பசு ஒன்று முன்னால் நடக்கும், கன்றுகள் நடுவில் வரும். கன்று செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், காலுறை இன்னும் வந்திருக்காது. பனியில் கண்ணுக்குச் சட்டென்று படாது. கேமராவில் கண்ணை வைத்து நீங்கள் ஒரு பசுவைப் பார்த்துக்கொண்டிருக்க, உங்களுக்கும் இன்னொரு பசுவுக்கும் நடுவில் கன்று நின்றிருக்கலாம். பனி உங்களுக்கு மட்டும் திரை இல்லை, அதற்கும் திரைதான். காட்டுமாடு முதலில் நம்புவது மூக்கை. காற்று அதன் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசினால் உங்கள் வாடை அதற்குப் போகாது. பனிக்குள் நீங்கள் திடீரென்று முளைப்பீர்கள். திடுக்கிட்ட மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. தேயிலை வரிசைக்கு நடுவில் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் உங்களுக்கு விலக இடமும் இருக்காது.

'நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம் அண்ணா' என்பீர்கள். இருக்கலாம். உங்களுக்கு அடுத்து அந்தப் பாதையில் வருகிற ஆளைப் பற்றித்தான் என் கவலை எல்லாம்.

ஆறரை மணிக்கு நீங்கள் மாட்டைச் சுற்றி நிற்கிறீர்கள். ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் தலை நிமிர்த்தட்டும் என்று சீட்டி அடிக்கிறார். மாடு எரிச்சலாகி, மேய்ச்சலை விட்டு, கீழே இருக்கும் தோட்டத்துக்குள் இறங்குகிறது. நீங்கள் அரவேனு வந்து டீ குடித்துக்கொண்டே படங்களைப் புரட்டுகிறீர்கள். அதே நேரத்தில் பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், முதுகில் பையோடு, சாக்குப்படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தத் தோட்டத்துக்குள் நடக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு அதே குறுக்குப்பாதையில்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பனி ரசிக்கிற விஷயம் இல்லை. நாளைக்கும் மறுநாளும் அதே பனிக்குள்தான் வேலைக்குப் போக வேண்டும். நீலகிரியில் காட்டுமாடு முட்டிச் செத்தவர்கள், கையும் காலும் போனவர்கள் செய்தி தினசரியில் அடிக்கடி வருகிறது. வாசித்துப் பாருங்கள்: தோட்டத் தொழிலாளி, வயதான ஆள், விடிகாலையில் வெளியே போனவர். எந்த மாட்டை யார் காலையில் சீண்டினார்கள் என்பது செய்தியில் வராது.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இவை ஊருக்குள் வருவதற்கு நாம்தான் காரணம் என்றால் யாரும் மறுக்க முடியாது. புல்வெளியில் சீகை மரமும் யூக்கலிப்டஸும் பைனும் நட்டார்கள். சதுப்புகளை வடிய வைத்துக் காய்கறி போட்டார்கள். மிச்சமிருந்த காட்டில் உண்ணிச்செடி மண்டிப்போனது. மாடு தேயிலையைத் தின்பதில்லை. வரிசைக்கு இடையில் இருக்கும் புல்லுக்காக வருகிறது. கோத்தகிரி ஊரை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி வீடும் தோட்டமும் ரோடும். சோலையிலிருந்து தண்ணீருக்கும் புல்லுக்கும் வெளியே வரும் மாட்டுக்கு அந்த ரோட்டோரம் பொதுவழி. நீங்கள் படம் எடுப்பது அந்த வழியின் நடுவில் நின்றுகொண்டு.

நம் பக்கத்திலிருந்து இந்த மாட்டுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கேடு போயிருக்கிறது. 1968-இல் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளுக்குள் புகுந்து காட்டுமாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. வீட்டு மாட்டின் நோய் அது. பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப வெகுகாலம் ஆயிற்று. தடுப்பூசி போட்டுப் போட்டு, உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்தது என்று 2011-இல்தான் அறிவித்தார்கள். உலகத்துக் காட்டுமாடுகளில் பெரும்பங்கு இந்தியாவில்தான் இருக்கிறது, அதிலும் மேற்குத் தொடர்ச்சி மலை முக்கியமான இடம். 1986 முதல் உலகப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக இருந்துவருகிறது. ரோட்டோரத்தில் பத்து நிற்பதைப் பார்த்துவிட்டு 'ஏகப்பட்டது இருக்கு அண்ணா' என்று சொல்லாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. அந்தச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது தெரியுமா? கொல்வதை மட்டும் இல்லை. விரட்டுவதும் இரை காட்டி இழுப்பதும் அதற்கான முயற்சியும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன. முட்டைக்கோஸ் இலையையும் உப்பையும் போட்டு மாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வித்தை ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது; அதைச் செய்கிறவர் கையில் துப்பாக்கி இல்லை என்பதால் தப்பித்துக்கொள்ள முடியாது. 2022-இல் வந்த திருத்தத்தில், சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி கொடுக்கும் இடத்தில், வாழிடத்துக்கும் உயிர்களுக்கும் பாதகம் வராமல் எடுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்கு மேலே ட்ரோன் விடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பனிக்குள் அதன் சத்தம் மட்டும் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. மந்தை சிதறிவிடும்.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவில் பைசன் மந்தை வெந்நீர் ஊற்றின் ஆவிக்குள் நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதைப் பார்த்துத்தான் பாதிப்பேருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அந்தப் பூங்காவில் பைசனிடமிருந்து குறைந்தது 25 கஜம், அதாவது 23 மீட்டர், தள்ளித்தான் நிற்க வேண்டும். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம். அங்கே வேறெந்த விலங்கையும்விட அதிகம்பேரைக் காயப்படுத்தியிருப்பது பைசன்தான் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. கரடி என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. புல் தின்னுகிற விலங்கு என்றால் பயம் விட்டுப்போகிறது. அதுவும் அங்கே திறந்த வெளி, ஓடி வருவது தூரத்திலேயே தெரியும். நம் சரிவில், பனியில், தேயிலைக்கு நடுவில் 23 மீட்டர் எனக்குப் போதாது. அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில், காருக்குள் இருந்தபடி எடுப்பேன்.

காரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மா. கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டைப் பற்றி எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளைத் தானே இணைத்துக் கட்டிய ஒரு பெரிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயர் வைத்துக்கொண்டு, கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவருடைய படங்களில் பல, வளர்ப்பு யானையின் மேல் உட்கார்ந்தபடி எடுத்தவை. யானைமேல் இருக்கும் ஆளைக் காட்டு விலங்கு தனி ஆளாக நினைப்பதில்லை. அதற்குத் தெரிவது யானை, மூக்குக்கு வருவதும் யானை வாடை. தினமும் ரோட்டில் வண்டியைப் பார்த்துப் பழகிய கோத்தகிரி மாட்டுக்கு இன்றைக்கு உங்கள் கார் ஏறக்குறைய அந்த யானை. கண்ணாடியை இறக்கிவைத்து, எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தினால் மாடு தன்பாட்டுக்கு மேயும். கதவு திறந்து இரண்டு கால் தரையில் பட்டால் எல்லாம் மாறிவிடும். மேய்கிற மாட்டின் படம் போய், முறைக்கிற மாட்டின் படம்தான் கிடைக்கும். உங்கள் ஆல்பங்களில் எத்தனை மாடுகள் உங்களையே முறைத்துக்கொண்டிருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். கிருஷ்ணன் படங்களில் விலங்குக்கு அதன் வேலை இருக்கும்.

சரி, தூரத்திலிருந்து எடுத்தால் சாம்பல்தானே வருகிறது என்பீர்கள். வரட்டுமே. சாம்பலைத் தேடித்தானே விடியாமல் கிளம்பிப் போனீர்கள்? 600-ஐ விட்டுவிட்டு 200-க்கு, 100-க்கு இறங்கிப் பாருங்கள். மாடு சட்டத்தில் சின்னதாகும். அதைச் சுற்றி இருக்கும் சில்வர் ஓக் மரங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மங்கிப்போகும் தேயிலை வரிசைகள், சரிவு, ஒரு பாறை எல்லாம் உள்ளே வரும். மந்தையாக இருந்தால் முன்னால் நிற்பது கருப்பு, அடுத்தது சாம்பல், கடைசி மாடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். ஆழம் தானாக வந்துவிடும். கிட்டே போய் ஒரே மாட்டை மட்டும் பிடித்தால் இந்த மூன்றில் இரண்டு போய்விடுகின்றன. பனியில்லாத நாளில் எடுத்த மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் தெளிவு குறைவு, அவ்வளவுதான்.

தொழில்முறையில் சில விஷயங்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் நிறைய வெள்ளைப் பனி இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். பனி வெள்ளையாக இருக்கட்டும், வெளிறிப் போகாமல் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் அலைந்தால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, முதுகு மேடும் வெள்ளையும் சேர்கிற விளிம்பில் வையுங்கள். கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது. மலையேறும்போது காரில் ஏசி போடாதீர்கள். ஏசியில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோன லென்ஸை ஈரத்தில் நீட்டினால் முகப்பு வியர்த்துவிடும், துடைத்து முடிப்பதற்குள் மாடு போய்விடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: மாட்டுக்குக் கண் கூசும், உங்களுக்கோ பனித்துளிகள் வெள்ளைப் பொட்டாகப் படம் முழுக்கத் தெறிக்கும்.

அப்புறம் இந்த 'டிஹேஸ்' கண்றாவி. விடியாமல் எழுந்து, இ-பாஸ் எடுத்து, கொண்டைஊசி வளைவெல்லாம் சுற்றிப் பனியைத் தேடிப் போவது. வீட்டுக்கு வந்ததும் சாஃப்ட்வேரில் அந்த ஒரு பட்டியைக் கடைசிவரை இழுத்து இருக்கிற பனியை எல்லாம் துடைத்துவிடுவது. இதற்கு வெயில் காலத்தில் போயிருக்கலாம். உங்கள் ஃபைல்களை அச்சுக்குத் தயார் செய்யும்போது அந்தப் பட்டியை நான் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் தள்ளிவைப்பதுண்டு. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இடத்தைப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படத்தின் கீழே எந்த எஸ்டேட், எந்த வளைவு, எத்தனை மணி என்று எழுதினால் அடுத்த சனிக்கிழமை அங்கே பத்துக் கார் நிற்கிறது. 'நீலகிரி' என்று எழுதினால் போதும். ஊர் தெரிந்தவருக்கு மாடே அடையாளம் சொல்லும்.

முடிக்கும்முன் ஒரு பேரம். இந்த மார்கழி, தை இரண்டு மாதமும், காரை விட்டு இறங்காமல் எடுத்த பனிப்படம் ஒன்றை எடுத்து வாருங்கள். மாடு சட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, உங்களை முறைக்கக் கூடாது. மேயலாம், அசைபோடலாம், கன்றை நக்கலாம், வெறுமனே நிற்கலாம். அப்படி ஒரு படம் கொண்டுவருகிறவருக்கு 12-க்கு 18 பிரிண்ட் என் செலவில். டிஹேஸ் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஃபிரேமுக்கு மட்டும் நீங்கள் காசு கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஸ்டுடியோ அண்ணன்,
அன்னூர்.